காலியாகக் கிடக்கும் மலைவீடு: உள்ளூர் மேனேஜருக்குக் கமிஷனா, சம்பளமா?

ஈசூன் வாசகர் | 9 பிப்ரவரி 2025

ஏற்காட்டில் எங்களுக்கு மூன்று அறை வீடு ஒன்று இருக்கிறது. சுற்றுலா வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டு வந்தோம். பார்த்துக்கொண்டிருந்த உறவினர் கோயம்புத்தூருக்குக் குடிபோய்விட்டார், தீபாவளியிலிருந்து பூட்டியே கிடக்கிறது. உள்ளூர்க்காரர் ஒருவர் மேனேஜராக இருக்கிறேன் என்கிறார். வாடகையில் 25 சதவீதம் கமிஷன், மாதச் சம்பளம் வேண்டாம். ஆள் வராத மாதத்தில் நமக்குச் செலவே இல்லை. நல்ல ஏற்பாடுதானே?

ஜூரோங் வெஸ்ட் அக்கா | 9 பிப்ரவரி, இரவு

நல்ல ஏற்பாடு இல்லை. கமிஷன் மட்டும் வாங்குகிறவருக்கு ஆள் வரும் நாளில்தான் உங்கள் வீட்டில் வேலை. வராத நாளில் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை. மலையில் வீடு கெடுவதோ ஆள் வராத நாளில்தான்.

கொடைக்கானலில் நாயுடுபுரத்துக்கு மேலே அப்பா கட்டிய வீட்டை நானும் தம்பியும் இதே மாதிரி நாள் வாடகைக்கு விடுகிறோம். தம்பி மெல்பர்னில், நான் இங்கே சிங்கப்பூரில். காலி மாதத்துக்குச் சம்பளம் கொடுங்கள். முதலில் அதைப் பேசி முடியுங்கள், கமிஷன் அப்புறம்.

இன்னொன்று. வந்தவர்களைப் பற்றி அவர் சொன்னால் வாடகையில் அவருக்கு 25. சொல்லாவிட்டால் 100. அவர் நல்ல மனிதராகவே இருக்கட்டும், இப்படி ஒரு கணக்கை அவர் முன்னால் வைக்காதீர்கள்.

11 பிப்ரவரி

"அப்படியெல்லாம் செய்வார்களா?" என்று தோ பாயோ நண்பர் கேட்டிருக்கிறார். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

முன்பு இருந்தவர் கமிஷன்காரர். பக்கத்தில் வேறு சில வீடுகளையும் பார்த்துவந்தார். பேச்சு தங்கம். ஒரு டிசம்பர், ஜனவரி முழுக்க "ஒரே பனி அக்கா, ஆளே இல்லை அக்கா" என்றார். டிசம்பர் கடைசியில் கொடைக்கானலில் ஆள் இல்லை என்பது எனக்கு விநோதமாகப் பட்டது. சரி, வீட்டுக்கு வீடு மாறும் என்று விட்டுவிட்டேன். பிறகு மின்வாரியத் தளத்தில் பில் கட்டப் போனேன்.

தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுப்பார்கள். அப்போது வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். பூட்டிய வீட்டில் என்ன ஓடும்? வாசலில் 9 வாட் எல்இடி பல்பு, ராத்திரி 12 மணி நேரம் எரிந்தாலும் 60 நாளில் ஆறரை யூனிட். இன்வெர்ட்டர் சும்மா சார்ஜில் நிற்பதற்கு இன்னும் கொஞ்சம். ஃபிரிட்ஜை அணைத்துக் கதவைத் திறந்து வைத்திருக்கிறோம். எப்படிக் கூட்டினாலும் 100ஐத் தாண்டாது, பில் பூஜ்யம்தான் வர வேண்டும். வந்ததோ 300 யூனிட்டுக்கு மேல்.

கேட்டதற்கு, குழாயில் தண்ணீர் உறையாமலிருக்க கீசரை ஓடவிட்டேன் என்றார். ஜனவரி விடியற்காலையில் அங்கே புல்மேல் உறைபனி விழுவது உண்மைதான். ஆனால் குழாய் உறைந்ததாக அந்தத் தெருவில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கீழ்வீட்டு அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். "ஏம்மா, புத்தாண்டுக்கு உன் வீட்டு வாசலில் மூணு வண்டி நின்னுச்சே, உங்க சொந்தக்காரங்கன்னுல்ல நினைச்சேன்" என்றார்.

அதோடு அவரை நிறுத்திவிட்டோம். அன்றிலிருந்து ஆள் தங்கிய நாள் ஒரு பக்கம், மீட்டர் யூனிட் ஒரு பக்கம் என்று எழுதி வைக்கிறேன். சர்வீஸ் எண் கையில் இருந்தால் இங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாம். மின்வாரியக் கணக்கில் உங்கள் கைபேசி எண் இருக்கட்டும். பல வீடுகளில் மேனேஜர் எண்தான் பதிவாகியிருக்கிறது, உரிமையாளருக்கு ஒரு குறுஞ்செய்தியும் வருவதில்லை.

12 பிப்ரவரி

சுவா சூ காங் வாசகருக்கு: இங்கே இருக்கும் கொண்டோவை நாள் வாடகைக்கு விட ஆள் வைக்க முடியாது. தனியார் வீடு என்றால் குறைந்தது தொடர்ந்து மூன்று மாதம் (2017 ஜூன் 30க்கு முன் ஆறு மாதமாக இருந்தது), வீவக (அரசு அடுக்குமாடி) வீடு என்றால் ஆறு மாதத்துக்கு விட வேண்டும். அபராதம் 200,000 சிங்கப்பூர் வெள்ளி வரை போகலாம். வீவக வீட்டின் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடியாதவர்கள் வெளிநாட்டிலும் தனியார் வீடு வாங்கக் கூடாது, அதையும் மறக்காதீர்கள்.

16 பிப்ரவரி

"மேனேஜருக்கு ஒரு பவர் எழுதிக் கொடுத்துவிட்டால் தலைவலி விட்டது" என்று எழுதியிருப்பவர் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வீட்டைக் கூட்டிப் பெருக்கிச் சாவி கொடுக்கிறவருக்கு வீட்டை விற்கும் அதிகாரம் எதற்கு? பில் கட்டுவது, மின்வாரியத்திலும் நகராட்சியிலும் மனு கொடுப்பது, பழுது பார்ப்பது, இவ்வளவுதான் அவர் வேலை. அதற்கு ஓர் அதிகாரக் கடிதம் போதும். என்னென்ன செய்யலாம் என்று எழுதுங்கள். விற்கவோ, அடமானம் வைக்கவோ, ஒத்திக்கு விடவோ, யாருடனும் வாடகை ஒப்பந்தம் போடவோ உரிமை இல்லை என்று பச்சையாக எழுதுங்கள். முடியும் தேதியைப் போடுங்கள். கடிதத்துக்கு முடிவு தேதி இல்லாவிட்டால் ஆள் போன பிறகும் அது நடமாடிக்கொண்டிருக்கும்.

பத்திரப்பதிவு, கோர்ட் என்று வந்து பவர் கட்டாயம் வேண்டும் என்றால் குடும்பத்தில் ஒருவருக்கு, அந்த ஒரு வேலைக்கு மட்டும் கொடுங்கள். இங்கே நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். 2021 செப்டம்பர் 16 முதல் சிங்கப்பூரும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் (ஒரு நாட்டுப் பத்திரத்தை இன்னொரு நாடு ஒரே சான்றிதழோடு ஏற்கும் ஏற்பாடு) இருக்கிறது, சிங்கப்பூர் அகாடமி ஆஃப் லா அந்தச் சான்றிதழைத் தரும். இந்தியாவும் அதே உடன்படிக்கையில் இருக்கிற நாடு. இருந்தாலும் அப்போஸ்டில் போதுமா, கிரேஞ்ச் ரோடு இந்தியத் தூதரக முத்திரையும் வேண்டுமா என்று அந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். பத்திரம் இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைக் கட்டணம் கட்டியாக வேண்டும். கூரியர் வந்த உறையை வீசிவிட வேண்டாம், போய்ச் சேர்ந்த தேதிக்கு அதுதான் அத்தாட்சி.

அப்புறம், வருடத்தில் ஓரிரு தடவை பதிவுத்துறைத் தளத்தில் உங்கள் சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பார்க்கக் காசு கிடையாது. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு இது ரொம்ப அவசியம்.

17 பிப்ரவரி

"பன்னிரண்டு வருஷம் ஒருத்தன் உள்ளே இருந்துட்டா வீடு அவனுக்கு." தேக்கா மார்க்கெட்டில் காய் வாங்கும்போதுகூட இதைச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். வாட்ச்மேனுக்கும் கேர்டேக்கருக்கும் இது பொருந்தாது. கோவாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் 2012ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: காவலாளி, பராமரிப்பாளர், வேலையாள் என்று உள்ளே இருப்பவர் எத்தனை காலம் இருந்தாலும் அதனால் அவருக்கு வீட்டில் உரிமை வராது, உரிமையாளர் கேட்டதும் ஒப்படைக்க வேண்டும்.

ஆனால் அவர் வேலையாள்தான் என்று காட்ட உங்களிடம் காகிதம் வேண்டும். சம்பளத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாக மாதாமாதம் போடுங்கள். அவுட்ஹவுஸில் தங்க இடம் கொடுத்தால் வாடகை என்ற பெயரில் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். சம்பளம் போய்க்கொண்டிருந்தால் அவர் ஊழியர். வாடகை வந்துகொண்டிருந்தால் அவர் குடித்தனக்காரர். மாதச் சம்பளம் கொடுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

2 மார்ச்

காலி வீட்டில் அப்படி என்ன வேலை, எதற்குச் சம்பளம் என்று மறுபடியும் கேள்வி வந்திருக்கிறது. சொல்கிறேன், நீளும்.

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேலே இருக்கிறது. மேகம் வீட்டுக்குள் வந்து போகும். ஒரு மாதம் ஜன்னல் திறக்காவிட்டால் மெத்தையின் அடிப்பக்கம் கறுப்புப் புள்ளி விழுந்துவிடும், அலமாரியில் மடித்து வைத்த கம்பளியில் வாடை ஏறும். அந்த வாடை துவைத்தாலும் போவதில்லை. தங்க வருகிறவர் கதவைத் திறந்ததும் முதலில் தெரிவது அதுதான். இன்வெர்ட்டர் பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் வற்றிவிட்டால் பேட்டரியே போச்சு. கீசரில் நின்ற தண்ணீர் துரு நிறத்தில் வரும். ஓட்டுக்கூரை வாய்க்காலில் யூகலிப்டஸ் சருகு அடைத்துக்கொண்டால் மழைத் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் சுவருக்குள் இறங்கும், சீலிங்கில் வரைபடம் போட ஆரம்பிக்கும். எலி வயரைக் கடிக்கும். காட்டுமாடு வேலியைச் சாய்த்துவிட்டுத் தோட்டத்தில் படுத்திருக்கும், அதைத் துரத்தக் கூடாது, தானாக எழுந்து போகும்வரை காத்திருக்க வேண்டும்.

இப்போது வீட்டைப் பார்த்துக்கொள்ளும் தம்பி (கூடப்பிறந்தவர் இல்லை, அப்படிக் கூப்பிடுகிறேன்) எலக்ட்ரீசியன், நடந்து வரும் தூரத்தில் வீடு. வாரத்தில் இரண்டு நாள் வருகிறார். வெயில் வந்த பிறகு பதினோரு மணிக்கு எல்லா ஜன்னலையும் திறந்து, இரண்டு மணிக்குள் மூடிவிட வேண்டும். சாயங்காலம்வரை திறந்துவைத்தால் மேகம் உள்ளே வந்து, திறந்ததே வீணாகிவிடும். மெத்தைகளைச் சுவரில் சாய்த்து நிறுத்துவார். எல்லாக் குழாயையும் தண்ணீர் தெளியும்வரை திறந்துவிடுவார். பின் கதவுத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய்.

ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில் வீடியோ எடுத்து அனுப்புவார். ஆரம்பம் மீட்டர் பெட்டி, எண் தெளிவாகத் தெரிய வேண்டும். அதிலிருந்து வெட்டாமல் வாசல், ஹால், மூன்று படுக்கையறை, ஒவ்வொரு அறையிலும் சீலிங் மூலை, கட்டிலுக்கு அடியில், குளியலறைத் தரை, சமையலறையில் கேஸ் சிலிண்டர், கடைசியில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு பார்வை. ஐந்து நிமிடம் ஓடும். வரிசை மாறாமல் இருப்பதால் போன வாரத்து வீடியோவையும் இந்த வாரத்து வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டால் மாற்றம் கண்ணில் பட்டுவிடும். நடு அறை சீலிங்கின் வடக்கு மூலையில் காசு அளவுக்கு ஒரு கறை விழுந்ததை இப்படித்தான் பார்த்தேன். மேலே ஓர் ஓடு நகர்ந்திருந்தது. தம்பி அன்றைக்கே ஏறிச் சரிசெய்துவிட்டார். ஒரு பருவமழை அப்படியே போயிருந்தால் மரச்சட்டத்தையே மாற்ற வேண்டியிருக்கும்.

இதற்கு மாதம் 9,000 ரூபாய் கொடுக்கிறோம். 2025 மார்ச் கணக்கில் ஒரு வெள்ளிக்கு 65 ரூபாய் வாக்கில் போட்டால் 140 வெள்ளியைத் தொடாது. இங்கே ஏர்கான் சர்வீஸுக்கு ஆள் கூப்பிட்டால் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

23 மார்ச்

மீட்டர் பற்றி மேலே எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். புக்கிட் பாத்தோக் வாசகர் ஒருவர் தனிச்செய்தியில் எழுதினார்: ஊட்டி வீட்டில் யூனிட் ஏறியதைப் பார்த்து ஆளைச் சந்தேகப்பட்டிருக்கிறார், கடைசியில் தண்ணீர்த் தொட்டியின் மிதவை பழுதாகி மோட்டார் தானாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு எச்பி மோட்டார் பத்து மணி நேரம் ஓடினால் ஏழரை யூனிட். தினமும் அப்படி என்றால் இரண்டு மாதத்தில் 400ஐத் தாண்டிவிடும்.

ஆகவே யூனிட்டை மட்டும் பார்த்து ஒருவர் மேல் பழி போட்டுவிடாதீர்கள். என் விஷயத்தில் கீழ்வீட்டு அண்ணன் பார்த்திருந்தார், கேஸ் சிலிண்டரும் காலியாகியிருந்தது. மூன்றும் ஒரே திசையைக் காட்டின. யூனிட் ஏறினால் முதலில் "தம்பி, மோட்டாரைப் பாருங்க" என்று சொல்லுங்கள்.

6 ஏப்ரல்

கொடைக்கானல்காரர்கள் கவனிக்க. 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்பது தெரியும். 2025 ஏப்ரல் 1 முதல் ஜூன் கடைசி வரை சென்னை உயர் நீதிமன்றம் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்துவிட்டது. கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 சுற்றுலா வண்டி, வார இறுதியில் 6,000. நீலகிரிக்கு 6,000, 8,000. சுமை தாங்காத மலைக்கு இது நல்லது என்பதுதான் என் கருத்து, வருமானம் குறைந்தாலும்.

நம் விஷயத்துக்கு வருகிறேன். சீசனிலேயே காலி நாள் கூடும். கமிஷனை மட்டும் நம்பி வைத்த மேனேஜர் இந்த வருடம் உங்கள் வீட்டைப் பின்வரிசையில் தள்ளிவிட்டு, அதிகம் கிடைக்கும் வீட்டுக்குப் போய்விடுவார். அறை பதிவு செய்கிறவரிடம் இ-பாஸ் எடுத்தீர்களா என்று மேனேஜர் முன்கூட்டியே கேட்க வேண்டும், அடிவாரச் சோதனையில் திருப்பி அனுப்பப்பட்டவர் நம்மிடம் பணம் திரும்பக் கேட்பார்.

4 மே

ஜூன் விடுமுறைக்கு இங்கிருந்து நண்பர்கள் போகிறார்கள் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். சிங்கப்பூர்க் கடவுச்சீட்டுக்காரர் தங்கினால் வீடு கொடுப்பவர் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில், சி படிவம் என்று வழங்கும் தங்கல் விவரப் படிவத்தைப் பதிய வேண்டும். ஹோட்டலுக்கு மட்டும் உள்ள விதி என்று நினைக்காதீர்கள், வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் எந்த வீட்டுக்கும் உண்டு. மேனேஜர் வேலைக்கு ஒருவரைப் பேசும்போது நான் கேட்கும் முதல் கேள்வி, "சி படிவம் போட்டிருக்கீங்களா?" தெரியாவிட்டால் பரவாயில்லை, கற்றுக்கொள்வார். "அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க அக்கா" என்று சொன்னால் அவர் வேண்டாம். போலீஸ் வந்தால் உங்கள் பெயரைத்தான் சொல்வார்.

இதோடு சேர்ந்தது: மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் திட்டத்தில் பதியலாமா என்று கேட்டவருக்கு. அதில் உரிமையாளர் குடும்பத்தோடு அதே வீட்டில் வசிக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஈசூனில் உட்கார்ந்துகொண்டு முடியாது. மாநிலச் சுற்றுலாத் துறையில் உங்கள் வீட்டுக்கு எந்தப் பதிவு பொருந்தும் என்று சேலத்தில் கேளுங்கள், மேனேஜர் சொல்வதை மட்டும் கேட்டு ஆரம்பிக்காதீர்கள்.

22 ஜூன்

சீசன் முடிந்தது. கொடைக்கானலில் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் எலக்ட்ரீசியன் தம்பியோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன், வீடியோவில்தான். அங்கே எட்டு மணி, எனக்குப் பத்தரை, கண் சொக்குகிறது. பார்த்த பிறகு, கமிஷனைப் பற்றி பிப்ரவரியில் நான் சொன்னது கொஞ்சம் கடுமையோ என்று தோன்றுகிறது.

மே மாதத்தில் அவர் பட்ட பாடு ரொம்ப அதிகம். ஒரு குடும்பம் பதினொரு மணிக்குக் கிளம்ப, அடுத்தது பன்னிரண்டு மணிக்கே வாசலில் நிற்கிறது. தண்ணீர் லாரிக்கு வரிசை. ராத்திரி ஒரு மணிக்கு வெந்நீர் வரவில்லை என்று ஃபோன். 9,000 ரூபாய்ச் சம்பளத்தில் இதையும் சேர்ப்பது நியாயமில்லை. காலி மாதத்துக்கு ஒழுங்காகச் சம்பளம் வாங்குகிறவருக்கு சீசனில் பங்கு கொடுப்பதால் ஒன்றும் கெட்டுவிடாது. அடிப்படைச் சம்பளம் இருப்பதால் ஒரு நாள் வாடகையை மறைத்து வேலையை இழக்க அவருக்கு மனம் வராது. இனி ஆள் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகையில் பத்து சதவீதம் என்று பேசியிருக்கிறோம். துணி துவைக்கும், பாத்திரம் தேய்க்கும் அக்காவுக்கு அவர் கையிலிருந்து கொடுக்கக் கூடாது, அதை நாங்களே தனியாகப் போடுகிறோம். இரண்டையும் சேர்த்தால் துப்புரவில் மிச்சம் பிடிக்கத் தோன்றும்.

ஈசூன் வாசகரே, உங்கள் 25 சதவீதக்காரரிடம் இந்தக் கணக்கைப் பேசிப் பாருங்கள். ஆளை மாற்றுவதற்கு முன் ஏற்பாட்டை மாற்றலாம்.

29 ஜூன்

ஜோகூர் பாருவில் கொண்டோ வைத்திருப்பவர்கள் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். அங்கே ஆள் தேடுவதற்கு முன் கட்டடத்தின் நிர்வாகக் கழகம் குறுகியகால வாடகையை அனுமதிக்கிறதா என்று பாருங்கள். மோண்ட் கியாராவிலுள்ள வெர்வ் சூட்ஸ் வழக்கில், நிர்வாகக் கழகம் தன் விதிகளால் அதைத் தடுக்கலாம் என்று மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் 2020ல் தீர்ப்பளித்தது. மேனேஜர் "எல்லாரும் விடுறாங்க" என்பார். விதி எழுதிய காகிதத்தைக் கேளுங்கள். மற்றபடி காலி மாதத்துச் சம்பளம் அங்கேயும் அதே கதைதான், அடிக்கடி உட்லண்ட்ஸ் தாண்டிப் போய்வர முடிகிறவர்களுக்குச் சுமை கொஞ்சம் குறைவு.

20 ஜூலை

பணம் பற்றிக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. வாடகை உங்கள் என்ஆர்ஓ கணக்குக்கு (வெளிநாட்டில் வசிப்பவர் இந்திய வருமானத்துக்காக அங்கே வைத்திருக்கும் வங்கிக் கணக்கு) போகட்டும். சம்பளம், கரண்ட் பில், தண்ணீர் லாரி எல்லாம் அதிலிருந்தே போகட்டும். 2023 முதல் சிங்கப்பூர்க் கைபேசி எண்ணை வைத்தே என்ஆர்ஓ கணக்கில் யுபிஐ போட வழி வந்துவிட்டது, உங்கள் வங்கி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மேனேஜரின் சொந்தக் கணக்கில் வாடகை விழக் கூடாது. விழுந்தால் மாதக் கடைசியில் அவர் "செலவு போக" என்று ஒரு தொகை அனுப்புவார், எது செலவு, எது வரவு என்று நீங்கள் பிரித்து எடுக்கவே முடியாது.

வீட்டை மொத்தமாக ஒருவருக்கு ஆண்டு வாடகைக்கு விட்டால், வெளிநாட்டில் வசிக்கும் உரிமையாளருக்குக் கொடுக்கும் வாடகையில் அவர் 30 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் பிடித்து இந்திய வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டும். இது தெரியாமல் முழுப் பணம் அனுப்புகிறவர்களுக்குப் பின்னால் அவர்கள் பெயரில்தான் நோட்டீஸ் வரும், முன்பே சொல்லிவிடுங்கள். கூடுதலாகப் பிடித்ததைக் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். தனிநபர் வெளிநாட்டு வருமானத்தை இங்கே கொண்டுவந்தால் சிங்கப்பூரில் பொதுவாக வரி கிடையாது.

3 ஆகஸ்ட்

முக்கியமான ஒன்று விட்டுப்போயிருக்கிறது. கூகுள் மேப்பில் உங்கள் வீட்டின் பெயரைத் தேடிப் பாருங்கள், என்ன ஃபோன் எண் இருக்கிறது? எங்கள் வீட்டுக்குப் பழைய கமிஷன்காரர் எண்தான் இருந்தது. அவரை நிறுத்திய பிறகும் போன வருடம் தங்கியவர்கள் அந்த எண்ணுக்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள், அவரும் "அந்த வீடு இப்போ இல்லைங்க, பக்கத்துல நல்ல வீடு இருக்கு" என்று அனுப்பியிருக்கிறார். சென்னைக் குடும்பம் ஒன்று கீழ்வீட்டு அண்ணனை வழியில் பார்த்துப் பேசியதில் தெரிந்தது. வீடு காலியாக இருந்ததற்குக் கொஞ்ச காலம் அதுவே காரணம்.

மேப் பதிவு, ஏர்பிஎன்பி கணக்கு, வாட்ஸ்அப் வணிக எண், மூன்றும் உங்கள் கையில் இருக்கட்டும். மேனேஜருக்கு உதவியாளர் அனுமதி மட்டும் கொடுங்கள். ஆள் மாறினால் அன்றைக்கே அனுமதியை எடுங்கள், முன்கதவுப் பூட்டை மாற்றுங்கள். சாவியைத் திரும்ப வாங்கிவிட்டோம் என்று இருக்க முடியாது, கொடைக்கானலில் ஏழு ரோடு பக்கம் போனால் பத்து நிமிடத்தில் நகல் போட்டுத் தருவார்கள்.

17 ஆகஸ்ட்

ஈசூன் வாசகர் எழுதியிருக்கிறார்: அந்த ஏற்காட்டுக்காரர் மாதச் சம்பளமும் பத்து சதவீதமும் என்றதும் ஒரு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றாராம். சம்பளம் தருகிறேன் என்று இதுவரை எந்த வெளிநாட்டுக்காரரும் கேட்டதில்லை என்றாராம். எனக்கு ரொம்பச் சந்தோஷம். ஆட்கள் கெட்டவர்கள் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. நாம் அவர்களைக் காலி மாதங்களில் சம்பளமில்லாமல் விட்டுவிட்டு, நம்பிக்கை இல்லை என்று இங்கே உட்கார்ந்து புலம்புகிறோம்.

யாரை வைப்பது என்று இன்னும் தேடுகிறவர்களுக்கு: விளம்பரம் பார்க்காதீர்கள். கேஸ் சிலிண்டர் போடுகிறவர், ஹார்டுவேர் கடைக்காரர், உங்கள் தெருவில் குழாய் வேலை பார்ப்பவர், இவர்களிடம் கேளுங்கள். பூட்டிய வீடுகளில் எதை யார் ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறார் என்று அவர்களுக்குத் தெரியும். வருடம் முழுக்க உள்ளூரிலேயே வேறு வேலை இருப்பவராகவும், நடந்து வரும் தூரத்தில் குடியிருப்பவராகவும் இருந்தால் நல்லது. பத்து வீடு பார்க்கிறேன் என்று பெருமையாகச் சொல்கிறவரிடம், காலியாக இருக்கும் வீடு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். குளியலறைக் குழாயைத் திறந்து தண்ணீர் என்ன நிறத்தில் வருகிறது என்று பாருங்கள்.

ஈசூன் வாசகருக்குக் கடைசியாக ஒன்று. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் ஆரம்பித்துவிடும். செப்டம்பருக்குள் கூரை வாய்க்காலில் சருகு அள்ளி, செப்டிக் டேங்க் மூடியைப் பார்த்துவிடச் சொல்லுங்கள். அதற்கு இரண்டு ஆள் கூலி ஆகும், அதை அவர் சம்பளத்தில் கழிக்காமல் தனியாக அனுப்புங்கள்.